விலை கூடிய சைக்கிள் உடுப்பு வாங்கத்தான் வேண்டுமா?

நாவற்குழிக் காற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கொக்குவிலில் வசிக்கிறேன். வேலைக்குப் போய்வருவது சைக்கிளில்தான். அண்மைக்காலமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களுடன் நீண்ட தூரம் சைக்கிள் ஓடவும் தொடங்கியிருக்கிறேன். பருத்தித்துறைக்கோ காரைநகருக்கோ போய்வருவதற்குச் சாதாரண ரீசேட்டும் அரைக்களிசானும் போதும். ஆனால் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரிக்கும், அதற்கப்பால் மன்னார் வீதியில் முழங்காவில் வரைக்கும் போகும் நாட்களில், மூன்றாவது மணித்தியாலத்துக்குப் பிறகு தொடையின் உட்புறம் உரஞ்சித் தோல் கன்றிவிடுகிறது; வீடு திரும்பிக் குளிக்கும்போது தண்ணீர் பட்டாலே எரிகிறது.

நல்லூர்த் திருவிழாவுக்கு இலண்டனிலிருந்து என் அத்தான் குடும்பத்துடன் வருகிறார். அவரும் சைக்கிள் ஓடுபவர். ரஃபா, அசோஸ் போன்ற சைக்கிள் உடுப்புக் கொம்பனிகளின் பிப் சோர்ட்ஸ் (தோள்பட்டி வைத்த இறுக்கமான அரைக்களிசான்) ஒன்றையும் ஜேர்சி (சைக்கிள் ஓடும்போது அணியும் மேற்சட்டை) ஒன்றையும் வாங்கிவரச் சம்மதித்திருக்கிறார். களிசானுக்கு மட்டும் அங்கே 150 முதல் 200 பவுண் வரை செல்லும் என்கிறார். நமது பணத்தில் ஏறத்தாழ 60,000 ரூபாவிலிருந்து 80,000 ரூபா வரை. இன்னொரு பக்கம், இணையத்தில் தருவித்தால் பெயர் தெரியாத களிசான் 5,000 ரூபாவுக்குள் கிடைக்கிறது. இவற்றுக்கு நடுவில், பலாலியிலிருந்து சென்னைக்குப் போய்வரும் நண்பர் ஒருவர் அங்குள்ள டெகத்லோன் என்ற விளையாட்டுப் பொருள் கடையில் இடைத்தர விலையில் வாங்கிவரவும் ஆயத்தமாக இருக்கிறார்.

இவ்வளவு விலை வித்தியாசத்துக்கு உண்மையில் உடலுக்கு என்ன பயன் கிடைக்கிறது? நமது வெயிலிலும் வியர்வையிலும் நீண்ட தூரம் ஓடிப் பழகியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். மழைச்சட்டை பற்றியும் கருத்துச் சொல்லுங்கள்.

மானிப்பாய் மிதி எழுதியது:

தம்பி, உங்களுடைய கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நல்ல களிசான் தேவையா என்பது ஒன்று. அதற்கு ஆம் என்பதே என் பதில், அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. மிக விலை கூடிய களிசான் தேவையா என்பது மற்றது. நீங்கள் விவரிக்கும் ஓட்டத்துக்கு அது தேவையில்லை. 5,000 ரூபாக் களிசானுக்கும் 20,000 ரூபாக் களிசானுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை உங்கள் தோல் முதல் நாளிலேயே உணரும். 20,000 ரூபாக் களிசானுக்கும் 70,000 ரூபாக் களிசானுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை நாள் முழுவதும் சீற்றில் இருப்பவர்தான் உணர்வார்.

இதற்குக் காரணம் ‘பாட்’ என்று நாம் சொல்லும் உள்மெத்தை. ஒரு காலத்தில் ஷமுவா என்ற மலையாட்டின் தோலைக் களிசானின் உள்ளே வைத்துத் தைத்தார்கள். அது காய்ந்தால் விறைத்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் கிறீம் பூசி மென்மையாக்க வேண்டியிருந்தது. இன்று அந்த இடத்தில் பொலியூரத்தேன் நுரைதான் இருக்கிறது. ஆனால் நுரை எல்லாம் ஒரே நுரையல்ல. மலிவான களிசானில் தடிப்பான, மென்மையான நுரையை வைத்துவிடுவார்கள். கடையில் கையால் தடவிப் பார்ப்பவருக்கு அதுவே சுகமாகத் தோன்றும். ஓடத் தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் அது உங்கள் பாரத்தில் முழுவதுமாக நசிந்து, இருக்கும்போது பாரத்தைத் தாங்கும் இருப்பு எலும்புகள் இரண்டும் சீற்றின்மேல் நேரே அழுந்தும். நல்ல பாட்டில் எலும்பு படும் இடத்தில் மட்டும் அடர்த்தியான நுரையும் ஓரங்களில் மெல்லிய நுரையும் இருக்கும். மொத்தத் தடிப்பு குறைவாகவே இருக்கும். வாங்குமுன் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பாட்டின் பின்பகுதியில், எலும்பு படக்கூடிய இடத்தை, மேலிருந்து பெருவிரலாலும் கீழிருந்து சுட்டுவிரலாலும் நன்றாக அழுத்திப் பிடியுங்கள். ஒரு விரல் மற்ற விரலைத் தெளிவாக உணருமானால் அதை வைத்துவிட்டு வாருங்கள்.

இவ்வாறான பாட்டை எல்லாக் கொம்பனிகளும் தாமே செய்வதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. இத்தாலியில் எலாஸ்ரிக் இன்ரபேஸ் என்ற பெயரில் பாட் மட்டும் செய்யும் நிறுவனம் ஒன்று பல கொம்பனிகளுக்கு அதை வழங்குகிறது. ஆகவே விலையிலும் பெயரிலும் தூரமாக இருக்கும் இரண்டு களிசான்களின் உள்ளே, ஒரே இடத்தில் செய்த பாட்டுகள் இருக்க இடமுண்டு.

விலை கூடிய ஜேர்சி எதற்காக என்றால், அதன் பெரும்பகுதி காற்றுத்தடைக்காக. மணிக்கு 35, 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவருக்குக் காற்றே முதல் எதிரி; வேகம் இரட்டித்தால் காற்றை வெல்லத் தேவையான வலு எட்டு மடங்காகிறது. 22, 23 கிலோமீற்றர் வேகத்தில் கதைத்துக்கொண்டு ஓடும் நமக்கு அந்தக் கணக்கு அவ்வளவு பொருந்தாது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைப் பக்கம் போகிறவர்கள் இதை மறுக்கக்கூடும், அதில் நியாயமும் உண்டு. எதிர்க்காற்றில் நம் வேகத்தோடு காற்றின் வேகமும் சேர்ந்துகொள்கிறது. ஆனாலும் அங்கே தேவைப்படுவது படபடவென்று அடிக்காத, உடலோடு ஒட்டிய ஒரு சட்டை மட்டுமே. அது 4,000 ரூபாவுக்கும் கிடைக்கும்.

இன்னொன்று: களிசானுக்குள் ஜங்கி அணியாதீர்கள். அதன் தையல் விளிம்பு சரியாகத் தொடை மடிப்பில் விழும். பருத்தி வியர்வையை உறிஞ்சி அங்கேயே வைத்திருக்கும். ஈரமும் உராய்வும் சேர்ந்த இடத்தில்தான் தோல் கன்றுகிறது. இதையும் மீறி எரிவு இருந்தால், உடுப்பைக் குறை சொல்லுமுன் சீற்றின் உயரத்தைப் பாருங்கள். சீற் உயர்ந்திருந்தால் மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். அந்த ஆட்டத்தில் எந்தக் களிசானும் தோலைக் காப்பாற்றாது.

கிளிநொச்சி ஊசிநூல் எழுதியது:

ஆடைத் தொழிற்சாலையொன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்தவன் என்ற வகையில் சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மானிப்பாய் அண்ணா பாட்டைப் பற்றி விளக்கமாகச் சொல்லிவிட்டார். தையலையும் துணியையும் பற்றி நான் சொல்கிறேன்.

களிசானை வாங்குமுன் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பாருங்கள். மலிவானதில் துணித் துண்டுகளை ஓவர்லொக் தையலால் இணைத்திருப்பார்கள். விரலால் தடவினால் ஒரு வரம்பு போல் எழுந்து நிற்கும். மூன்று மணித்தியாலம் மிதித்தால் அந்த வரம்பு தொடையில் ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும். நல்லதில் ஃபிளட்லொக் தையல் இருக்கும். அது நான்கு ஊசியும் ஆறு நூலும் ஓடும் இயந்திரத்தில் தைப்பது. இரண்டு துண்டுகளின் விளிம்புகளும் ஒன்றையொன்று தொட்டபடி சமதளமாகப் படிந்திருக்கும், கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எங்கே இணைப்பு இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். அந்த இயந்திரத்தில் வளைவான இணைப்பை நேர்த்தியாகத் தைப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும். ஒரு தையலாளருக்கு அது வர நாட்கள் செல்லும். விலையின் ஒரு பகுதி அந்தக் கைகளுக்குரியது என்பதை நான் மனமறிந்து சொல்கிறேன். அதன் பிறகு துண்டுகளை எங்கே இணைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நான்கு இணைப்புகள் சந்திக்கும் முனை நேரே கவட்டில் விழுந்தால், எவ்வளவு பெரிய பெயர் பொறித்திருந்தாலும் அது நீண்ட ஓட்டத்துக்கு உதவாது.

துணியில், நைலோனோடு எலாஸ்ரேன் கலந்தது உராய்வைப் பொலியெஸ்டரை விட நன்றாகத் தாங்கும். லேபலில் நைலோன் 80 வீதம், எலாஸ்ரேன் 20 வீதம் என்பது போன்ற அளவைக் காண்பீர்கள். எலாஸ்ரேன் என்பதைத்தான் லைக்ரா என்று கூப்பிடுகிறோம்; 1958 இல் அமெரிக்காவின் டுபொன்ட் நிறுவனத்தில் யோசப் ஷிவர்ஸ் என்ற இரசாயனவியலாளர் கண்டுபிடித்தது. தன் நீளத்தில் ஐந்து மடங்குக்கு மேல் இழுபட்டும் பழைய நிலைக்குத் திரும்பும் இழை அது. அந்தத் திரும்பும் குணம் போய்விட்டால் களிசான் தொளதொளத்து, பாட் இடம் மாறி, அதுவே உரஞ்சத் தொடங்கும். துணியை முட்டிக்கையின்மேல் இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். விரல் கணுக்கள் தெரிந்தால் சில மாதங்களில் பின்னால் வருபவருக்கு எல்லாம் தெரியும்.

ஜேர்சியின் சிப்பையும் கவனியுங்கள். தீவுப் பகுதியில் ஓடுபவர்களுக்கு உப்புக்காற்றில் மலிவான உலோகச் சிப் விரைவில் இறுகிவிடும். வை.கே.கே. என்று பொறித்த பிளாஸ்ரிக் பல் உள்ள சிப் இருந்தால் நல்லது.

கரவெட்டி வன்னீர் எழுதியது:

பெண் ஓட்டுநர் ஒருவரின் பார்வையிலிருந்தும் இதைச் சொல்ல வேண்டும். பெண்களின் இருப்பு எலும்புகள் பொதுவாகச் சற்று அகன்று அமைந்தவை. ஆண்களுக்கான பாட் பெண்களுக்குப் பொருந்தாது. மலிவான களிசான்களில் ஒரே பாட்டை வைத்து, நிறத்தை மட்டும் மாற்றிப் பெண்களுக்கானது என்று விற்கிறார்கள். ஆகவே எங்களைப் பொறுத்தவரை, கொஞ்சம் கூடக் கொடுத்து முறையான பெண்கள் பாட் உள்ளதை வாங்குவது ஆடம்பரமல்ல. இறுக்கமான களிசானோடு ஊருக்குள்ளாலும் கோயில் வீதியாலும் போக விரும்பாதவர்களுக்கு, பாட் வைத்த உட்களிசான் தனியாகக் கிடைக்கிறது. அதன்மேல் தளர்வான களிசானோ சுடிதாரோ அணிந்து நான் வல்லிபுரத்துக்கும் தொண்டைமானாற்றுக்கும் போய்வருகிறேன். தோள்பட்டி வைத்த பிப் சோர்ட்ஸை விட அது எங்களுக்கு வசதி, வழியில் இறங்கி ஒதுங்க வேண்டிய நேரங்களில் அதன் அருமை தெரியும்.

அடுத்தது தோய்த்தல். இரசாயனவியல் கற்பிப்பவள் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன். எந்த விலைக்கு வாங்கினாலும் நம் கிணற்றடியில்தான் அந்த உடுப்பின் ஆயுள் நிச்சயிக்கப்படுகிறது. யாழ்ப்பாணக் குடாநாடு மயோசின் என்ற புவியியற் காலத்துச் சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தது. மழைநீர் அந்தக் கல்லுக்குள்ளால் இறங்கும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருவதால் நம் கிணறுகளில் பெரும்பாலானவற்றில் வன்னீர்தான். வன்னீரில் கட்டிச் சவர்க்காரத்தைப் போட்டால், சவர்க்காரத்தின் கொழுப்பமிலம் கல்சியத்தோடு சேர்ந்து கரையாத வெண்படிவாகிறது. குளியலறை வாளியின் உட்புறத்தில் நாம் காணும் அந்தச் சாம்பல்நிறப் படிவு இதுதான். இழைகளுக்கிடையில் அது ஏறிக்கொண்டால் துணி விறைத்து, வியர்வையை வெளியே கடத்தும் தன்மையை இழக்கிறது. பாட்டின் மேற்பரப்பு சொரசொரப்பாகிறது. இலண்டனில் வாங்கிய களிசானுக்கும் இணையத்தில் தருவித்த களிசானுக்கும் இந்த விடயத்தில் எந்த வேறுபாடும் இல்லை.

ஆகவே கட்டிச் சவர்க்காரத்தை விட்டுத் திரவ அழுக்ககற்றியைப் பயன்படுத்துங்கள். அது கல்சியத்தோடு இவ்வாறு படிவதில்லை. கடைசி அலசலில் ஒரு வாளி தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி சேர்த்தால் ஏற்கெனவே படிந்ததில் ஒரு பகுதி நீங்கும். துணியை மென்மையாக்கும் திரவங்கள் இழையின்மேல் ஒரு படலத்தை விட்டுச் செல்வதால் அவற்றைத் தவிருங்கள். குளோரின் எலாஸ்ரேனை அரிக்கும் என்பதால் வெளிற்றும் தூளும் வேண்டாம். கல்லில் அடித்துத் தோய்ப்பதும், முறுக்கிப் பிழிவதும், மத்தியான வெயிலில் கொடியில் விடுவதும் கூடாது. நைலோன் வெயிலிலுள்ள கழியூதாக் (யூ.வீ.) கதிர்களில் பலமிழக்கும். உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி வேப்பமர நிழலில் விட்டால், நம் காற்றுக்குச் சில மணித்தியாலங்களில் காய்ந்துவிடும்.

கழியூதாக் கதிர் பற்றிச் சொன்னதால் ஜேர்சி பற்றியும் ஒரு வரி. யூ.பீ.எஃப். 50 எனக் குறிக்கப்பட்ட துணி, அந்தக் கதிர்களில் ஐம்பதில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும். காலை 9 மணிக்குப் பிறகும் மரமில்லாத பூநகரி வெளியில் ஓடுபவர் பெயரைப் பார்க்காமல் இந்தக் குறியைப் பார்த்து, நீண்ட கை வைத்ததை வாங்குவது புத்திசாலித்தனம்.

சோளகத்தில் ஒருவன் எழுதியது:

மேலே சொன்னவற்றில் பலவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் விலை கூடியது தேவையில்லை என்ற முடிவை ஏற்க முடியவில்லை. நான் வவுனியாவுக்கும் அதற்கப்பாலும் ஒரே நாளில் ஓடுகிறவன். கனடாவிலிருக்கும் தமையனார் கொண்டுவந்த அசோஸ் களிசானைப் பல வருடங்களாகப் பாவிக்கிறேன். பாட் இன்னும் தன் வடிவத்தை இழக்கவில்லை, தோள்பட்டி தளரவில்லை. அதே காலத்தில் மலிவான களிசான்களை மாற்றி மாற்றி வாங்கிய நண்பர்கள் மொத்தத்தில் என்னைவிடக் குறைவாகச் செலவழித்தார்கள் என்று சொல்ல மாட்டேன், அவர்கள் பட்ட வேதனை வேறு. ஆனையிறவு தாண்டிப் பரந்தனுக்குப் பிறகு, உடல் களைத்து, சீற்றில் இருக்கும் நிலை மாறத் தொடங்கும் நேரத்தில்தான் ஒரு களிசானின் தரம் தெரியும். உடுப்பைப் பற்றிய நினைவே வராமல் மிதித்துக்கொண்டிருப்பதற்கு நான் பணம் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

ஆனால் அந்த விலைக்குள் அடங்கியிருக்கும் சில வசதிகள் நமக்கு வந்து சேருவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விழுந்து கிழிந்தால் ரஃபா இலவசமாகத் திருத்திக் கொடுக்கிறது என்பது இலண்டனில் இருப்பவருக்குப் பெரிய விடயம்; கொக்குவிலிலிருந்து அனுப்பித் திருப்பியெடுக்கும் செலவில் இங்கே இன்னொரு களிசான் வாங்கிவிடலாம். தபாலில் தருவிப்பதானால் சுங்கத் தீர்வையோடு, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக உள்ள பெறுமதி சேர் வரியையும் கணக்கில் எடுங்கள். அத்தான் பயணப்பொதியில் கொண்டுவருவது உங்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

மழைச்சட்டை கேட்டிருந்தீர்கள். அதில் ஒரு ரூபாவும் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம். கோர்டெக்ஸ் போன்ற நீர் புகாத சவ்வு வைத்த விலை கூடிய சட்டைகள், உள்ளே இருக்கும் வியர்வை ஆவி வெளியே போகும் என்ற தத்துவத்தில் இயங்குகின்றன. உள்ளே ஆவியமுக்கம் கூடவும் வெளியே குறையவும் இருந்தால்தான் அது நடக்கும். ஐரோப்பாவின் குளிரில் அந்த வித்தியாசம் பெரிது. நமது மாரியில், ஐப்பசி கார்த்திகையில் கூட, வெளிக்காற்றே வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருப்பதால் ஆவி போக இடமில்லை. மழையில் நனையாதவர் வியர்வையில் நனைவார். நனைந்துகொண்டே ஓடி, விரைவில் காயும் ஜேர்சியோடு வீடு வந்து சேருவதே மேல்.

நாவற்குழிக் காற்று எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விளக்கமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கட்டிச் சவர்க்காரத்தால்தான் எங்கள் வீட்டில் எல்லாம் தோய்க்கப்படுகிறது. டீச்சர் சொன்னதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சீற்றை இன்று பின்னேரம் இறக்கிப் பார்க்கப்போகிறேன். அத்தானிடம் ஜேர்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். களிசான் விடயத்தில் மட்டும் மானிப்பாய் அண்ணாவுக்கும் சோளகம் அண்ணாவுக்கும் நடுவில் நிற்கிறேன். மன்னார் வரை நூறு கிலோமீற்றருக்கு மேல் ஒரே நாளில் ஓட வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. ஆனால் அது அடுத்த வருடத்துக்குரியது. அளவு எடுப்பதிலும் குழப்பமாக இருக்கிறது.

மானிப்பாய் மிதி எழுதியது:

சோளகம் தம்பி சொல்வது அவருடைய தூரத்துக்கு முற்றிலும் சரி. நீங்கள் இப்போது ஓடுவது நான்கைந்து மணித்தியாலம். அந்த ஓட்டத்துக்கு, ஒரு விலை கூடிய களிசானின் காசில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்து, டெகத்லோனின் நீண்ட தூரக் களிசான்கள் இரண்டை வாங்குங்கள். இரண்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: ஒன்று மட்டும் இருந்தால் சரியாகக் காயாததையே அடுத்த நாள் அணிந்துகொள்ள மனம் வரும், ஈரமான பாட்டில் கிருமி வளர்ந்து மயிர்க்கால்களில் கொப்புளம் போடும். அடுத்த வருடம் மன்னாருக்கு ஆயத்தமாகும்போது, உங்களுக்கு எவ்வாறான பாட் பொருந்துகிறது என்பது தெரிந்திருக்கும். அத்தானிடம் அப்போது கேளுங்கள்.

அளவுக்கு, ரீசேட்டின் அளவைச் சொல்லாதீர்கள். தையற்காரரின் நாடாவால் இடுப்பையும், பிட்டம் மிக அகன்ற இடத்தையும், தொடையையும் அளந்து சென்ரிமீற்றரில் அனுப்புங்கள். இத்தாலியக் கொம்பனிகளின் அளவுகள் பொதுவாகச் சிறியவை. நின்றுகொண்டு போட்டுப் பார்க்கும்போது தோள்பட்டி சற்று இழுக்க வேண்டும். சைக்கிளில் குனிந்ததும் அது சரியாகிவிடும். நிற்கும்போதே தளர்வாக இருந்தால் ஒரு அளவு குறைத்து எடுங்கள்.